நிழலில் உட்கார்ந்தவன்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் என் அறை வாசலில் வந்து நின்றார். "எதைப் பற்றி?" என்று கேட்டேன். "உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் எதுவானாலும் சரி" என்றார். எனக்கு நன்றாகத் தெரியும் என்று இருபது வருஷமாக நான் நம்பியிருந்த விஷயம் ஒன்று உண்டு. அது போன நவம்பர் மாதத்தில், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்ட ஒரே கேள்வியில் கவிழ்ந்துபோயிற்று. அந்தக் கதையையே எழுதிவிடுகிறேன். என் மானம் கொஞ்சம் போகும், போகட்டும்.

கதை நடந்த இடம் ஆர்.கே.புரம். நம் வளாகத்திலிருந்து முனிர்க்கா வழியாக நடந்தே போய்விடலாம். அங்கே அரசாங்கக் குடியிருப்பில், ஒரு தமிழ்க் குடும்பத்தாரின் முன்கூடத்தில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது பிள்ளைகள் கூடுவார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிறவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற டில்லித் தமிழ்ப் பிள்ளைகள். பேச்சு ஆறாக ஓடும். ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் மூச்சு வாங்கும். அவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்று சங்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்டோபரில் நான் போனேன். தமிழ்த் தொண்டு ஆற்றுவதற்காகப் போனேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வகுப்பு முடிந்ததும் அந்த வீட்டு அம்மாள் கொடுக்கும் காப்பியின் புகழ் நம் விடுதிவரை எட்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

முதல் நாள் பிள்ளைகளின் கூச்சம் தெளிவதற்காக என் ஊரைப் பற்றிச் சொன்னேன். என் ஊர் தஞ்சாவூர். அரையாண்டு விடுமுறையில் தாத்தா என்னைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போவார். மாலை நாலு மணிக்கும் செங்கல் பாவிய தரை காலைச் சுடும். ஆகையால் விமானத்தின் நிழல் விழுந்திருக்கிற இடமாகப் பார்த்து, வடபுறத்தில் போய் உட்கார்ந்துகொள்வோம். தாத்தா மேல்துண்டை விரித்துச் சாய்வார். நான் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு அவர் சொல்லும் கதைகளைக் கேட்பேன். இதையெல்லாம் சொன்னதும் பிள்ளைகள் என்னை "அண்ணா" என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில், படிக்கப் பயிற்சி வேண்டுமே என்று பெரிய கோயிலைப் பற்றி நானே ஒரு பக்கம் எழுதி, நகல் எடுத்துக் கொண்டுபோனேன். முதலாம் இராஜராஜன் கட்டியது, 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது, பதின்மூன்று நிலை விமானம் என்று எழுதிவிட்டு, முத்தாய்ப்பாக ஒரு வாக்கியம் வைத்தேன்: 'இவ்விமானத்தின் நிழல் எக்காலத்தும் தரையில் விழாது, இது தமிழரின் கட்டடக் கலைத் திறனுக்குச் சான்று.'

இரட்டைப் பின்னல் போட்ட ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை வாசித்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தாள். நான் "சபாஷ்" என்றேன். அவள் உட்காரவில்லை.

"அண்ணா, நிழல் தரையில விழாதுன்னா, நீங்களும் தாத்தாவும் எந்த நிழல்ல உட்கார்ந்தீங்க?"

நண்பர்களே, நான் பௌதிகம் படிக்கிறவன். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று எழுதித் தேர்வுகளில் மதிப்பெண் வாங்கியவன். அந்த நிழலில் உடம்பு குளிர உட்கார்ந்தவனும் நானேதான். இந்த மூன்று தகுதிகளோடும் அந்தக் கூடத்தில் நின்று நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "அது வந்து... அது வேற நேரம். சரி, அடுத்தவங்க படிங்க."

ஒன்பது பிள்ளைகளும் பேசாமல் இருந்தார்கள். அடுத்த பையன் படித்தான். காப்பியும் வந்தது. அன்றைக்கு அது கசந்தது.

திரும்பி நடந்து வரும்போது எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நிழல் விழாது என்பதையும் நம்பினேன். நிழலில் உட்கார்ந்ததையும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே தலைக்குள் இத்தனை வருஷம் எப்படிச் சண்டையில்லாமல் குடியிருந்தன?

யோசித்துப் பார்த்தால், நாம் படிக்கக் கற்றுக்கொண்ட முறையிலேயே விடை இருக்கிறது. பத்தியைப் படித்துக் கேள்விகளுக்கு விடை எழுதும் பயிற்சியை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். கோயிலைக் கட்டியவர் யார்? இராஜராஜன். விமானத்துக்கு எத்தனை நிலை? பதின்மூன்று. நிழல் எங்கே விழாது? தரையில். முழு மதிப்பெண்! விடை எப்போதும் பத்திக்குள்ளேயே இருக்கும். பத்தி சொல்வது மெய்யா என்ற கேள்வியை மட்டும் எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. நான் கொடுத்த பக்கத்தின் கீழேயும் ஐந்து கேள்விகள் இருந்தன. ஐந்தும் அந்த ஜாதிக் கேள்விகளே. அந்தப் பெண் கேட்டது ஆறாவது கேள்வி.

இந்த இடத்தில் நான் ஒரு குறளை எடுத்துக் காட்டுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாவது குறள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த ஒன்பது பிள்ளைகளில் நாலு பேர் அதைக் கடகடவென்று ஒப்பித்துக் காட்டினார்கள். ஒப்பிப்பதில் நமக்குக் குறையே இல்லை. யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்று சொன்ன வாக்கையும், ஆராய்ந்து பாராமலே நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறோம்!

அந்த வாரம் நூலகத்தில் கணித நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த விஷயம் பற்றி மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடினேன். எனக்குத் துணைவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று தெரிந்து ஓர் ஆறுதல் கிடைத்தது. அமெரிக்காவில் 1998-இல் யாரோ ஒரு வேடிக்கை மனிதர், மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிந்துவருகிறது, அதைக் காப்பாற்றுங்கள் என்று படத்தோடு ஒரு வலைப்பக்கம் போட்டு வைத்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தார் அதை நன்றாகப் படிக்கக்கூடிய ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டினார்கள். ஏறக்குறைய எல்லோரும் நம்பிவிட்டார்கள். 2016-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னொன்று. செய்தியைப் போலவே அச்சடித்த விளம்பரத்தை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அது காசு கொடுத்துப் போட்டது என்று அதன்மேலேயே எழுதியிருந்தும், நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் அதைச் செய்தி என்றே கொண்டார்கள்.

அதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது அதே குழுவினரின் இன்னொரு சோதனை. சரித்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள், ஸ்டான்போர்டு மாணவர்கள், செய்தியின் மெய் பொய்யைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்று மூன்று வகையாரிடமும் சில வலைப்பக்கங்களைக் கொடுத்தார்கள். படித்த பெரியவர்கள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை கருத்தாகப் படித்தார்கள். அதன் அழகிய தோற்றத்தில் பலர் ஏமாந்தும் போனார்கள். சரிபார்ப்பவர்களோ இரண்டு வரி பார்த்ததும் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய், இதை எழுதியவர் யார், இவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தார்கள். குறைவாகப் படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள். பெண் பார்க்கப் போகிற நம் வீட்டுப் பெரியவர்கள் செய்வதும் இதுதானே? பெண் வீட்டார் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டா வருகிறார்கள்? எதிர்வீட்டில் தண்ணீர் கேட்கிற சாக்கில் நாலு வார்த்தை விசாரித்துவிட்டுத்தானே வருகிறார்கள்?

அந்தக் குழுவினர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கேள்விகள் மூன்று. சொல்வது யார்? ஆதாரம் என்ன? மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்த மூன்றையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை புறப்பட்டேன்.

போனவுடன் முதல் வேலையாக, "போன வாரம் நான் சொன்ன பதில் தப்பு. நான் சரியா யோசிக்காம எழுதிட்டேன்" என்று சொன்னேன். சொல்வதற்கு முன் தொண்டை வறண்டது. சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. இரட்டைப் பின்னல் மட்டும் லேசாகத் தலையசைத்தாள், ஒரு நீதிபதி வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்வது போல.

பிறகு என் பக்கத்தையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டோம். சொல்வது யார்? அண்ணா. அண்ணாவுக்கு யார் சொன்னது? தாத்தா. தாத்தாவுக்கு? தெரியாது. ஆதாரம் என்ன? ஒன்றுமில்லை. சரி, செய்து பார்க்கலாம் என்று அட்டையில் ஒரு விமானம் செய்தோம். உண்மை விமானம் அடியில் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம், உயரம் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே நாங்கள் செய்தது 15 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். அதை ஒரு பலகையில் ஒட்டி மொட்டைமாடிக்கு எடுத்துப் போனோம். நவம்பர் மாதத்து டில்லிப் புகைமூட்டத்துக்கு நடுவே வெயில் கண் திறக்கக் காத்திருந்து, பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால், நிழல் வடக்கே நீளமாக விழுந்து கிடந்தது.

"விழுந்திருச்சு!" என்று எல்லோரும் கத்தினார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட எட்டாம் வகுப்புப் பையன் மட்டும் கத்தவில்லை.

"அண்ணா, இது டில்லி. தஞ்சாவூர்ல சூரியன் இன்னும் உச்சிக்கு வருமே? இங்க விழுந்தா அங்கயும் விழும்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அவனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. டில்லி கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. தஞ்சையோ ஏறக்குறைய 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. டில்லியைவிடச் சுமார் 18 பாகை தெற்கே. ஆகவே பலகையைச் சூரியன் பக்கமாக 18 பாகை சாய்த்தோம். நிழல் பாதியாகக் குறுகியது, ஆனாலும் இருந்தது. நவம்பர் நண்பகலில் தஞ்சையிலும் நிழல் விழும் என்று தெரிந்துகொண்டோம். பையன் விடவில்லை. பலகையை இன்னும் இன்னும் சாய்த்தான். சூரியனுக்கு நேராக வந்தபோது நிழல் அடிப்பாகத்துக்குள்ளேயே ஒடுங்கி மறைந்துவிட்டது!

அப்போதுதான் எனக்கும் விஷயம் விளங்கியது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் தஞ்சையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் பல வாரங்களுக்கு, நண்பகலில் சிகரத்தின் நிழல் கீழ்நிலைகளின் மேலேயே விழுந்து அடங்கிவிடும். அகன்ற அடியும் குறுகிய உச்சியும் உடைய எந்தக் கட்டடத்துக்கும் அந்த ஊரில் இது பொருந்தும். எவரோ ஒருவர் ஒரு சித்திரை மாத நண்பகலில் பார்த்து, உள்ளதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி 'நண்பகலில்' என்பது உதிர்ந்துபோய், 'எக்காலத்தும்' என்பது ஒட்டிக்கொண்டுவிட்டது. பொய்யன் என்று எவரையும் வைய வேண்டியதில்லை. ஒரு வார்த்தை உதிர்ந்தது, அவ்வளவுதான்.

அன்று நான் வெற்றி வீரனைப் போல இறங்கி வந்தேன். கீழே காப்பியோடு ஒரு பிள்ளையின் தாயார் காத்திருந்தார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க ஊரை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இந்தக் குழந்தைங்க பெரிய கோயிலைக் கண்ணால பார்த்தது ஒரு தடவை, ரெண்டு தடவை. நம்ம பெருமைன்னு அதுங்க கையில இருக்கிறதே இந்த மாதிரி நாலு கதைதான். அதையும் நீங்க பிடுங்கிட்டா என்ன மிஞ்சும்?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கேட்டது எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. பிற மாநிலத்தில் படிக்கிற நாமும் இப்படி நாலு கதைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டுதானே ரயில் ஏறினோம்? விடுதியில் எவனாவது நம்மை மட்டமாகப் பேசினால் அந்தக் கதைகளைத்தானே எடுத்து வீசுகிறோம்? என் தாத்தாவின் கதையை நான் பொய் என்று சொன்னபோது எனக்கே நெஞ்சில் ஏதோ ஓரிடத்தில் வலித்தது. அந்தத் தாயாரிடம், "அடுத்த வாரம் நீங்களும் வந்து உட்காருங்கள், அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரத்துக்கு நான் எடுத்துப்போனது, அதே கோயிலின் சுவர்களில் இருப்பதை. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாகப் பதிப்பித்தார். 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்தப் புத்தகம் நம் நூலகத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து சில செய்திகளை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தேன். இராஜராஜன் தான் கொடுத்ததையும், தன் தமக்கை கொடுத்ததையும், தன் மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டில் 275-ஆம் நாள், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தான். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள். கோயிலில் ஆடுவதற்கென்று பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்த 400 பெண்களின் பெயர்கள், ஒவ்வொருத்தியும் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்பதுவரை. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல்.

பிள்ளைகள் மாறி மாறி வாசித்தார்கள். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வீட்டு நம்பரா?" என்று ஒருவன் வாய் பிளந்தான். "ஏன் 96 ஆடு? ஏன் 100 இல்ல?" என்றான் இன்னொருவன். இரட்டைப் பின்னல் கேட்டாள்: "இவ்வளவு எழுதி வச்சவங்க, நிழல் விழாதுன்னா அதையும் எழுதியிருப்பாங்களே?" நானூறு பேரின் வீட்டையும் எழுதிவைத்தவன் இதையா விட்டுவிடுவான்!

சுவரோரமாக உட்கார்ந்திருந்த தாயார் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும், "அந்தத் தாள் ஒண்ணு இருந்தா குடுங்க தம்பி" என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அவருடைய கேள்விக்கு நான் கொடுக்க முடிந்த விடை அதுதான். கையிலிருந்த ஒரு கதை போனதற்கு ஈடாக, ஒரு சுவர் முழுவதும் கிடைத்தது. கேள்வி கேட்டால் உடைந்துவிடும் பெருமையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்புவதில் அவர்களுக்கு என்ன நன்மை? பள்ளியில் ஒரு கெட்டிக்காரப் பையன் இரண்டு கேள்வி கேட்டால் அவர்கள் தலை குனிய நேரும். 96 ஆடுகளை எவனாலும் அசைக்க முடியாது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, இன்னொரு பள்ளம் இருந்தது. டிசம்பரில் ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் வீட்டுக் கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று வைத்திருந்தேன். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன என்பது வந்தது. எந்தச் செயற்கைக்கோள், என்றைக்கு, அளந்தவர் யார் என்று ஒன்றுக்கும் அதில் விடையில்லை. நம் தேசிய கீதமே உலகில் சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்தது என்பது வந்தது. அப்படி அறிவிக்கவே இல்லை என்று யுனெஸ்கோவே மறுத்திருக்கிறது. இரண்டும் கவிழ்ந்ததும் பிள்ளைகளுக்கு ருசி ஏறிவிட்டது. மூக்குக் கண்ணாடிக்காரன் எதைப் படித்தாலும் முதல் வரியிலேயே, "புருடா, அண்ணா!" என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தான்.

ஒரு சின்னப் பையன், ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்று எழுதிக்கொண்டு வந்தான். "இதுவும் புருடாதான்! தமிழ்ப் பெருமைக் கதை!" என்றான் நம் வீரன். சின்னவன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எல்லாவற்றையும் நம்புகிறவனை எடுத்து, எதையும் நம்பாதவனாக ஆக்கிவிட்டேனே! இரண்டு பேருக்கும் யோசிக்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

"மூணு கேள்வியையும் கேட்டாச்சா?" என்றேன். ஆங்கில அகராதிகளைப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே குரலில் கட்டுமரத்தையே காட்டின. சின்னவன் முகம் மலர்ந்தது. அதே மூச்சில், 'ரைஸ்' என்ற சொல் அரிசியிலிருந்து வந்ததா என்றும் தேடினார்கள். அங்கே அகராதிகள் கிரேக்கச் சொல் ஒன்றுவரை போய், அதற்கு அப்பால் தயங்கின. தமிழ் என்பாரும் உண்டு. பழைய பாரசீக மொழி வழியாக வந்தது என்பாரும் உண்டு. ஆகவே கரும்பலகையில் மூன்று பத்திகள் போட்டோம்: 'சரி', 'தப்பு', 'இப்போதைக்குத் தெரியாது'. கட்டுமரம் முதல் பத்தியில், திருநள்ளாறு இரண்டாவதில், அரிசி மூன்றாவதில். மூன்றாவது பத்தியைக் கண்டு பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். போகப் போக அதில்தான் சுவாரசியமான விஷயங்கள் சேர்ந்தன.

இப்படி வாரம் ஒரு மணி நேரத்தில் என்ன பெரிய பயன் வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். பீகாரில் 583 கிராமங்களில், நூலகங்களில் வகுப்பு வைத்து, எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 13,000 மாணவர்களுக்கு மேல் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2025-இல் வெளியாயிற்று. சில வகுப்புகளே நடந்தன. ஆனாலும் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் அந்தப் பிள்ளைகள் தேறினார்கள். நாலு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேர்ச்சி குறையவில்லை. அவர்களுடைய பெற்றோருக்கும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைப் படித்தபோது தாளை மடித்து வைத்துக்கொண்ட அந்தத் தாயாரை நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஒரு மாலை தாத்தாவோடு பெரிய கோயிலுக்குச் சென்றேன். வடபுறத்தில் நிழல் திருச்சுற்று மாளிகையைத் தொட்டுக்கொண்டு நீண்டு கிடந்தது. தாத்தா வழக்கம்போல மேல்துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் மெல்ல ஆரம்பித்தேன். "தாத்தா, விமானத்து நிழல் தரையில விழாதுன்னு சொல்வீங்களே..."

"ஆமா."

"இப்ப நாம எதுல உட்கார்ந்திருக்கோம்?"

தாத்தா தரையைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அட! எங்க அப்பா சொன்னாரு, நானும் சொன்னேன். இத்தனை வருஷமா எவனும் கேக்கலையேடா!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு கேட்டா?" என்றார். சொன்னேன். "அந்தக் குழந்தையை நான் கேட்டதாச் சொல்லு" என்றார்.

நிழலும் விமானமும் தாத்தாவும் சேர்ந்து தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு டில்லிக்குத் திரும்பினேன். வழக்கை இதோடு முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில், அடுத்த சனிக்கிழமை அதைப் பெருமையோடு வகுப்பில் காட்டினேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு பார்த்தார்கள். இரட்டைப் பின்னல் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"அண்ணா, இது நீங்களே எடுத்ததா? எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

மணியைச் சொன்னேன், கைகட்டி நின்று.